பாண்டீஸ்வரன் பேருக்கு ஒரு சூடம்

குடைப்பாறை முருகனுக்கும் கஸ்தூரியம்மாளுக்கும் முப்பத்தோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை. முருகன் தரப்பில் என்ன நினைப்பு என்று யாருக்கும் தெரியாது. கஸ்தூரியம்மாள் தரப்பில் கோபம் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை.

கோம்பையிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் முடிகிற இடத்தில் குடைப்பாறை அடிவாரம். அங்கிருந்து உச்சிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு படி. முதல் படிக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு கருப்பசாமி. அவருக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, அதுதான் கஸ்தூரியம்மாளின் கடை. தேங்காய், பழம், சூடம், பத்தி, விபூதிப் பாக்கெட், முழங்கால் வலிக்காரர்கள் ஊன்றிக்கொண்டு போக மூங்கில் கம்பு எல்லாம் வைத்திருந்தாள். பொருள் வாங்குகிறவர்களின் செருப்புக்கு அவளே காவல்.

மலையைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

"நூத்தம்பதாவது படிக்கிட்ட ஒரு மொட்டப்பாறை வரும்த்தா. அதுல உக்காந்துறாதீக, சுட்டுப்புடும். நானூறுல ஒரு புளியமரம் இருக்கு, அங்கன போயி உக்காருங்க, காத்து சிலுசிலுன்னு வரும். அதுக்கு மேல ஒரே மூச்சுத்தேன். உச்சியில சுனை இருக்கு. ரெண்டு கை அள்ளிக் குடிச்சீகன்னா ஏறுன அலுப்பு இருந்த எடம் தெரியாது."

இதைச் சொல்லும்போது அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி அவள் முகத்திலேயே தெரியும். இந்தம்மா தினமும் விடியற்காலையில் மேலே போய் முருகனோடு ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறாள் போலிருக்கிறது என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் அவள் ஒரு படிகூட ஏறியதில்லை. முதல் படியில் வலது காலை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தது மட்டும் உண்டு. மற்றதெல்லாம் இறங்கி வந்தவர்கள் பேசியதைக் கேட்டுச் சேர்த்துவைத்த சரக்கு.

அந்தக் காலை எடுத்த கதைக்குக் காரணம் அவள் புருஷன் பாண்டீஸ்வரன். அவன் ஜீப் டிரைவர். விடிவதற்குள் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போவான். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவான். வண்டி ஓட்டும்போது ஒரு சொட்டு தொடமாட்டான். அந்த விஷயத்தில் நாணயஸ்தன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுவிட்டான் என்றால் அப்புறம் அவனுக்கும் நாணயத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

கல்யாணமாகி வந்த முதல் தைப்பூசத்துக்கு ஜோடியாக மலையேறுவது என்று ஏற்பாடு. கஸ்தூரி கூறைப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அர்ச்சனைத் தட்டோடு முதல் படியில் வலது காலை வைத்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் புருஷனைக் காணோம். தேடிப் பார்த்ததில் ஜீப்புக்கு அடியில் நிழலாக இருக்கிறது என்று படுத்திருந்தான். எழுப்பினால், "நீ முன்னால போ, நான் வண்டியில வாரேன்" என்றான். படிக்கட்டில் ஜீப் எப்படி ஏறும் என்று கேட்கிற நிலைமையில் இருவருமே இல்லை.

கஸ்தூரி படியிலிருந்து எடுத்த காலை மறுபடி வைக்கவில்லை. கருப்பசாமியைச் சாட்சிக்கு வைத்து மலை உச்சியைப் பார்த்துச் சொன்னாள். "இவுக குடிய விடுற அன்னைக்குத்தேன் ஒன் படிய மிதிப்பேன். அதுவரைக்கும் ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

ஆனால் அவள் நியாயம் தெரிந்தவள். ஒரு வேலையைச் சொல்லிவிட்டு ஞாபகப்படுத்தாமல் இருந்தால் யாருமே மறந்துபோவார்கள், முருகன் என்ன விதிவிலக்கா? அதனால் தினமும் முதலில் ஏறுகிறவர் கையில் ஒரு சூடத்தைக் கொடுத்து, "கடைக்காரம்மா குடுத்தாக, பாண்டீஸ்வரன் பேருக்கு ஏத்தச் சொன்னாகன்னு பூசாரிகிட்டச் சொல்லிருங்க" என்பாள். மலையேற முடியாதவர்கள் ஏறுகிறவர்களிடம் சூடம் கொடுத்துவிடுவது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். முப்பத்தோரு வருஷத்தில் அவள் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பிரசவத்துக்குப் போன நாட்களில்கூட மாமியார் கையில் சூடத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பாண்டீஸ்வரனும் தவறவிட்டதில்லை. அவன் பாட்டுக்கு அவன் வேலையைத் தினமும் செய்துவந்தான்.

போன ஆவணியில்தான் அந்த அதிசயம் நடந்தது. பாண்டீஸ்வரனுக்கு விக்கல் வந்தது. வந்த விக்கல் பதினோரு நாள் நிற்கவில்லை. ஜீப்பில் வந்த பெண்கள் கம்பமெட்டு ஏறுவதற்குள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்தார்கள். நாக்குக்கு அடியில் சீனி வைத்துப் பார்த்தார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள். தோட்டத்து வாட்ச்மேன் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்து மூன்று மிளகு கொடுத்தான். திடுக்கிட்டால் நிற்கும் என்று யாரோ, "அண்ணே, ஒங்க ஜீப்பு தானா உருண்டு போகுது" என்று கத்தினார்கள். பாண்டீஸ்வரன் விக்கிக்கொண்டே அரை மைல் ஓடினான். ஜீப் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

கடைசியில் தேனியில் ஒரு டாக்டர் ஊசி போட்டு நிறுத்தினார். "வயிறு புண்ணாயிருக்கு. இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் திரும்ப ஆரம்பிக்கும்" என்றார். பாண்டீஸ்வரன் எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவான். ஊருக்குத் திரும்புகிற வழியிலேயே உத்தமபாளையத்தில் இறங்கிச் சோதித்துப் பார்த்தான். டாக்டர் சொன்னது வாஸ்தவம். இன்னும் நாலு நாள் விக்கினான். அதோடு விட்டுவிட்டான்.

"நானா மனசு வச்சு விட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கஸ்தூரியம்மாள் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டாள். யார் விக்க வைத்தது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த விவகாரம் முழுதும் தெரிந்த வெளியாள் ஒருவர்தான். உத்தமபாளையத்து இப்ராஹிம். அவள் கடைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை ஜூஸ் போடுகிறவர்.

"அக்கா, ஒங்க சாமி சொன்ன வேலைய முடிச்சுக் குடுத்துட்டாரு. இனி நீங்க ஏறலைன்னா தப்பு ஒங்க பக்கம்" என்றார்.

"மூணு மாசம் போகட்டும் பாய். இவுகள நம்ப முடியாது."

மூன்று மாதம் போனது. அப்புறம் மார்கழிப் பனி என்றாள். அப்புறம் முழங்கால் என்றாள். கடையில் கட்டுக்கட்டாக மூங்கில் கம்பு வைத்திருக்கிறவள் முழங்காலைச் சாக்குச் சொன்னதும் இப்ராஹிம் சிரித்துவிட்டார்.

உண்மையில் அவளுக்குப் பயம். முப்பத்தோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத ஒருவன் முன்னால் திடீரென்று போய் நின்று என்னவென்று ஆரம்பிப்பது? கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் அவளிடம் இருந்தது. அடுப்படியிலும் கடையிலும் நூறு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். 'ஒரு விக்கலக் குடுக்க ஒனக்கு முப்பத்தோரு வருஷமா?' இதைக் கேட்காமல் அவளுக்குக் கட்டை வேகாது. கேட்டு, அவன் பதில் சொல்லாமல் கல்லாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கலக்கமாக இருந்தது.

தை மாதக் கிருத்திகையன்று கிளம்பினாள். பாண்டீஸ்வரன் வெள்ளை வேட்டி கட்டி, தெம்புக்கு என்று இப்ராஹிமிடம் இரண்டு கிளாஸ் திராட்சை ஜூஸ் குடித்துக்கொண்டான். "கடைய நான் பாத்துக்கிறேன், நீங்க நிம்மதியாப் போங்க" என்று இப்ராஹிம் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தார். கஸ்தூரியம்மாள் கருப்பசாமிக்குச் சூடம் காட்டி, முதல் படியில் வலது காலை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். புருஷன் நின்றுகொண்டிருந்தான், இரண்டு காலில். காலை எடுக்காமல் அடுத்த படிக்குப் போனாள்.

நூற்றைம்பதாவது படியில் மொட்டப்பாறை இருந்தது. மூச்சு வாங்கியதில் சொன்ன புத்தியை மறந்து அவளே அதில் உட்கார்ந்துவிட்டாள். சுட்டது. அந்த மட்டில் சந்தோஷம்தான், சொன்னது பொய்யில்லை.

நானூறாவது படியில் புளியமரம் இல்லை. ஒரு மொட்டைக் கட்டைதான் இருந்தது. இவர்களுக்குப் பின்னால் கிளம்பி முந்திக்கொண்டு வந்த வடுகபட்டிக் குடும்பம் ஒன்று அதைச் சுற்றி வெயிலில் வதங்கி நின்றது.

"நானூறுல புளியமரம், காத்து சிலுசிலுன்னு வரும்னு சொன்னாரு, அடிவாரத்துல கடையில உக்காந்திருந்த பாய். மரத்தக் காணோமே" என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

"அவருக்கு என்ன தெரியும் மலையப் பத்தி" என்றாள் கஸ்தூரியம்மாள். பாண்டீஸ்வரன் மலைப்பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர், அந்த மரம் காற்றில் விழுந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது என்றார். கஸ்தூரியம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழெட்டு வருஷமாக எத்தனை ஆயிரம் பேரை இல்லாத நிழலுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒருத்தராவது இறங்கி வந்து ஏன் என்று கேட்கக் கூடாதா? முருகனைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தில் எல்லாரும் மன்னித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உச்சியில் சுனை இருந்தது. பச்சைப் பசேல் என்று பாசி. பக்கத்தில் ஒரு தகரப் பலகை: 'இந்த நீர் குடிப்பதற்கு ஏற்றதல்ல.' அவள் அதைப் படிக்காதது மாதிரி கடந்து போனாள்.

ஆனால் காற்று நிஜமாகவே சிலுசிலு என்றுதான் வந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுதும் பச்சையும் வாய்க்காலுமாகக் கிடந்தது, தேவாரம் பக்கம் காற்றாலைகள் சுற்றின. இவ்வளவு பக்கத்தில் இத்தனையும் இருந்திருக்கிறதே என்று அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் கழித்துத்தான் அவள் கடையின் கூரையை அவள் பார்க்கிறாள். தீப்பெட்டி அளவு இருந்தது.

சன்னதியில் பூசாரி கருத்தக்கண்ணன் நின்றிருந்தார். அறுபது தாண்டியவர். மலைக்கு மேற்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி அந்தப் பக்கமே இறங்கிவிடுவார். கிழக்கு அடிவாரத்துக்கு அவர் வந்ததே கிடையாது. வடுகபட்டிக் குடும்பத்துக்கு அர்ச்சனை முடித்து இவர்களிடம் தட்டை வாங்கினார்.

"யார் பேருக்கு?"

கஸ்தூரியம்மாள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டான். "பாண்டீஸ்வரன்."

பூசாரியின் கை அந்தரத்தில் நின்றது. "எந்த ஊரு?"

"இங்கனதேன், அடிவாரம்."

"அடிவாரத்துப் பாண்டீஸ்வரனா? தினமும் சூடம் குடுத்துவிடுறவுகளா?"

கடைக்காரம்மா கொடுத்தாக, பாண்டீஸ்வரன் பேருக்கு ஏற்றச் சொன்னாக என்று அவள் சொல்லி அனுப்புவது அறுநூற்றுப் பன்னிரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உதிர்ந்துபோய், உச்சியில் ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. 'பாண்டீஸ்வரன் சூடம்.' கடைக்காரம்மா பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இந்தச் சன்னதிக்கு வந்த நாள்லேர்ந்து ஒங்க சூடம்தாங்க மொதச் சூடம். மழை பெஞ்சாலும் வந்துரும், புயல் அடிச்சாலும் வந்துரும். இப்பேர்ப்பட்ட பக்திமானக் கண்ணால பாக்காமப் போயிருவேனோன்னு நெனச்சேன்" என்றவர், முருகன் மேல் கிடந்த பட்டுத் துணியை எடுத்துப் பாண்டீஸ்வரன் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். மாலையைக் கழற்றிக் கழுத்தில் போட்டார். வடுகபட்டி அம்மாள் முன்னால் வந்து, "ஐயா கையால விபூதி பூசி விடுங்க" என்று குனிந்தாள். பாண்டீஸ்வரன் திருதிருவென்று விழித்துக்கொண்டே பூசிவிட்டான்.

"இவுக?" என்றார் பூசாரி.

"எங்க வீட்டுக்காரி."

"குடுத்து வச்ச மகராசி. இப்பேர்ப்பட்ட புருஷன் கெடைக்க என்ன தவம் செஞ்சீகளோ."

கஸ்தூரியம்மாளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. மொட்டப்பாறையெல்லாம் பக்கத்தில் வர முடியாது. முருகனைப் பார்த்தாள். சிரித்த முகமாக நின்றான். கேட்க வந்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பாண்டீஸ்வரனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். விக்கல் வந்தது.

"பக்தி பொங்குது" என்றார் பூசாரி.

கஸ்தூரியம்மாள் சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினாள். விக்கல் என்றால் ஒன்றுதான் அர்த்தம். தொட்டுவிட்டானா? அப்படியென்றால் அவள் சபதம் என்ன ஆவது? முருகன் வேலையை முடிக்காமலே அவள் படியேறி வந்துவிட்டதாக அல்லவா ஆகும்? சன்னதி என்றும் பார்க்கவில்லை, பரிவட்டம் என்றும் பார்க்கவில்லை. புருஷனுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"ஊதுங்க."

"ஏத்தா, சாமி முன்னாலயா?"

"சாமிக்கும் தெரியட்டும். ஊதுங்க."

மாலையும் பரிவட்டமுமாக நின்ற பக்திமான் அவள் முகத்துக்கு நேரே 'ஹா' என்று ஊதினான். கஸ்தூரியம்மாள் கண்ணை மூடி மோந்து பார்த்தாள். திராட்சை வாசம் வந்தது. மறுபடி ஊதச் சொன்னாள். பன்னீர் திராட்சைதான், இப்ராஹிம் போடும் சீனியும் எலுமிச்சையும் சேர்ந்த வாசம். வேறு எதுவும் இல்லை.

"படி ஏறுனதுல வந்த விக்கல்த்தா. சத்தியமா தொடல" என்றான் பாண்டீஸ்வரன் பரிதாபமாக.

பூசாரி வாயைப் பிளந்து நின்றார். "என்னம்மா இது, ஒரு பெரிய மனுசனப் போயி..."

"பெரிய மனுசனா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்ததிலிருந்து உத்தமபாளையத்தில் இறங்கிச் சோதித்துப் பார்த்ததுவரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். வடுகபட்டி அம்மாள் நெற்றி விபூதியை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பு எம்மேலயும் இருக்கும் போலம்மா. இவரு என்ன வேண்டிச் சூடம் குடுத்துவிடுறாருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. சரி, நல்ல மனுசன்னுட்டு, நானா வேண்டிக்கிருவேன். பாண்டீஸ்வரன் என்ன ஆசைப்படுறாரோ அதெல்லாம் ஒரு நாளும் கொறையில்லாமக் கெடைக்கணும் முருகா, அப்படின்னு."

"தெனமுமா?"

"தெனமும்."

கஸ்தூரியம்மாள் புருஷனைப் பார்த்தாள். முருகனைப் பார்த்தாள். "கெடச்சுச்சு சாமி" என்றாள். "ஒரு நா தவறாமக் கெடச்சுச்சு."

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பாவம், முருகன் என்ன செய்வான்? அவள் அடிவாரத்தில் நின்று ஒன்று சொல்லியிருக்கிறாள், பூசாரி பக்கத்தில் நின்று ஒன்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுத்தான் காதில் விழும். கொண்டுவந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப முப்பத்தோரு வருசமா சூடம் குடுத்துவிட்டது நீங்களா?" என்றார் பூசாரி. "ஒங்க பேரு என்னம்மா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மலையில் யாரும் அவள் பேரைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் கடைக்காரம்மா. "கஸ்தூரி" என்றாள். பிறகு திருத்திக்கொண்டு, "கஸ்தூரியம்மாள்" என்றாள்.

"அந்தப் பேருக்கு இங்கன ஒரு சூடம்கூட எரியலயேம்மா."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சுருக்கென்று குத்தியது. சிரிப்பு நின்றுவிட்டது. பூசாரியைக் குற்றம் சொல்ல முடியாது, ஏறியவர்களையும் சொல்ல முடியாது. அவள்தான் ஒரு நாளும் கொடுத்துவிட்டதில்லை.

பூசாரி பரிவட்டத்தை அவிழ்த்து அவளுக்குக் கட்டுவதா, ஒருவர் தலையில் கட்டிய சாமி துணியை அவிழ்க்கலாமா என்று தன்னோடு தானே வாதாடிக்கொண்டிருந்தார். "அது அவுக தலையிலயே இருக்கட்டும் சாமி, இறங்கும்போது வெயிலடிக்கும்" என்று கஸ்தூரியம்மாள் தீர்த்துவைத்தாள். பாண்டீஸ்வரன் அந்தப் பரிவட்டத்தோடுதான் ஜீப் ஸ்டாண்டுவரை போனான்.

மறுநாள் காலையில் அவள் கடையைத் திறந்தாள். வந்தவர்களிடம், நானூறில் மரம் கிடையாது, சுனைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குடை இருந்தால் எடுத்துப் போங்கள் என்றாள். முதலில் ஏற வந்தவள் ஜான்சி என்று சின்னமனூர்ப் பக்கத்துப் பெண். சாமி கும்பிட வரவில்லை, மேலேயிருந்து போட்டோ எடுக்க வந்தவள். கஸ்தூரியம்மாள் அவள் கையில் சூடத்தை வைத்தாள்.

"பூசாரிகிட்டக் குடுத்துருத்தா. கஸ்தூரியம்மாள் பேருக்குன்னு சொல்லு. மேல போறதுக்குள்ள மறந்துறாத, படிக்குப் படி சொல்லிக்கிட்டே போ."

"யாரு அவுங்க?"

"நான்தேன்."

ஜீப் இல்லாத நாளாகையால் பாண்டீஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தி, "எம் பேருக்கு?" என்றான்.

"ஒங்களுக்குக் காலு இருக்குல்ல. நடந்து போயி ஏத்துங்க."

ஜான்சி நாலு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். "ஏங்கம்மா, என்ன வேண்டிக்கிறதுன்னு பூசாரி கேட்டா என்ன சொல்ல?"

கஸ்தூரியம்மாள் பதறி எழுந்தாள்.

"ஒண்ணும் வேண்ட வேணாம்னு சொல்லு. பேர மட்டும் சொன்னாப் போதும்."